கறுப்புச் சிமிழின் பருத்திச் சட்டை

கடல் கடந்த சரக்குகள் – 14

நாகப்பட்டினத்துக் கிட்டங்கியில் அடுக்கிக் கிடந்த துணி மூட்டைகளோடு போன இதழில் நிறுத்தியிருந்தோம். 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரைப் பறித்த டச்சுக் கம்பெனி, 1690-இல் சோழமண்டலக் கரை வணிகம் முழுவதற்கும் அதையே தலைமையிடமாக்கியது. அந்த மூட்டைகள் எங்கே போயின என்று கேட்டால் பலரும் ஆம்ஸ்டர்டாம் என்பார்கள். அது பாதிப் பதில். ஒரு பங்கு கிழக்கே திரும்பி, பத்தாவியா வழியாக ஜப்பானுக்குப் போனது. நாகசாகித் துறைமுகத்தை ஒட்டிய தெஜிமா என்ற குட்டித் தீவில் இறங்கியது. 1641 முதல் டச்சுக்காரர்கள் கடை வைத்துக் குடியிருக்க ஜப்பான் அனுமதித்த ஒரே இடம் அதுதான்.

அங்கே நம் துணியைப் புகையிலைப் பைகளாகத் தைத்தார்கள். வசதி உள்ளவர்கள் கிமோனோவுக்குள் அணியும் உடையாகவும் தைத்துக்கொண்டார்கள். ஆனால் பொறுக்கியெடுத்த நல்ல துண்டுகளுக்கு வேறொரு வேலை காத்திருந்தது. தேயிலைத் தூள் வைக்கும் கையடக்கமான ஒரு செப்புக்கும் ஜாடிக்கும் அவை சட்டையாயின.

ஜப்பானியத் தேநீர் விருந்தில் இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டுவது கிடையாது. நிழலில் வளர்த்த கொழுந்தை ஆவியில் வாட்டி, உலர்த்தி, கல்லில் மாவாக அரைத்துவைப்பார்கள். அதை வெந்நீரில் போட்டு மூங்கில் மத்தால் கடைந்து குடிப்பார்கள். சீனத்தில் சோங் அரசர் காலத்து வழக்கம் இது. எய்சாய் என்ற பௌத்தத் துறவி 1191-இல் ஊர் திரும்பியபோது இதை ஜப்பானுக்குக் கொண்டுவந்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. அதே சோங் அரசவைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக இருந்த காலத்தில் 1033-லும் 1077-லும் சோழத் தூதுக்குழுக்கள் போயிருக்கின்றன. அரியலூர் மாவட்டத்தின் மாளிகைமேட்டில் அரண்மனைப் பகுதியைத் தோண்டியபோது சீனப் பாண்டங்களின் ஓடுகளும் கிடைத்தன. பாண்டம் வந்தது, பானம் வரவில்லை. நமக்குத் தேநீர் வந்தது வெள்ளைக்காரன் கையால், பாலும் சர்க்கரையும் சேர்ந்து.

தூள் வைக்கும் பாத்திரம் இரண்டு வகை. கெட்டித் தேநீருக்கான உயர்ரகத் தூளுக்குச் சுட்ட மண்ணில் செய்த சிறு ஜாடி. அதற்குத் தந்தத்தில் மூடி. இளந்தேநீர்த் தூளுக்கு மரத்தில் கடைந்து அரக்குப் பூசிய செப்பு. இதில் மிகப் பழகிய வடிவத்துக்கு நாட்ஸுமே என்று பெயர். இலந்தை இனத்துப் பழம் ஒன்றின் பெயர் அது, உருவமும் அப்படித்தான். உயரமும் அகலமும் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். நம் வீட்டுக் குங்குமச் சிமிழைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிக் கறுப்பு ஏற்றினால் வருவதுபோல இருக்கும். தேநீர்க் கலையின் பேராசானான சென் நோ ரிக்யூ (1522–1591) பூவேலை ஏதுமில்லாத வெறும் கறுப்பையே விரும்பினார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கறுப்பின்மேல் பொன்தூளால் புல்லும் பூவும் நிலாவும் வரைந்தார்கள்.

அரக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது மரக்கிளையில் பூச்சி கட்டும் பிசின். அம்பாசமுத்திரம், சன்னபட்டணம் மரச்சாமான்களுக்கு, கடைசல் சுற்றும்போதே அழுத்தித் தேய்த்து ஏற்றுவார்களே, அது. ஜப்பானியரின் உருஷி வேறு. அது மரத்தைக் கீறி எடுக்கும் பால். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த மரத்தைப் பருவம் முழுக்கக் கீறினாலும் ஏறக்குறைய 200 கிராம்தான் தேறும். அதோடு அந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். அடிக்கட்டையிலிருந்து புதுத் துளிர் வரவேண்டும்.

நம் ஊரில் எதைப் பூசினாலும் வெயிலில் காயவைப்போம். உருஷிக்கு அது ஆகாது. வறண்ட காற்றில் அது இறுகாமல் பிசுபிசுத்துக் கிடக்கும். அதனால் உட்புறத்தை ஈரமாக்கிய மர அலமாரிக்குள் பூட்டிவைப்பார்கள். காற்றில் 70, 80 சதவீதம் ஈரம் இருந்தால்தான் அந்தப் பால் கெட்டிப்படும். பாலில் உள்ள ஒரு நொதி, ஈரத்தையும் காற்றிலுள்ள ஆக்சிஜனையும் கொண்டு அதை இறுக்குகிறது. இதை 1883-இல் ஹிகொரொகுரோ யோஷிதா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கண்டுசொன்னார். ஒரு பூச்சு இறுகியதும் கரியால் தேய்த்து வழவழப்பாக்கி அடுத்த பூச்சு. இப்படியே மாதக்கணக்கில் போகும். முடிந்தபின் அந்தத் தோலைத் தண்ணீர் தொடாது, அமிலம் அரிக்காது.

பச்சைப் பால் மேலே பட்டால் மட்டும் தொலைந்தோம், கொப்புளம் கிளம்பும். நமக்கு இது புதிதல்ல. துணியில் அழியாத வெளுப்புக்குறி போட நம் சலவைத் தொழிலாளர்கள் வைத்திருந்த சேராங்கொட்டையும் உருஷி மரத்தின் குடும்பம்தான். முந்திரியும் அதே குடும்பம்.

முந்திரி என்றதும் அரியலூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம். ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் மேடெல்லாம் முந்திரிக்காடு. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம், இன்று அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. வறுத்த கொட்டையைத் தட்டி உடைக்க உட்காரும் பெண்கள் முதலில் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொள்வார்கள். ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புப் பால் பட்டால் விரல்தோல் வெந்து உரியும். அந்த ஓட்டிலிருந்து பிழியும் எண்ணெயை இந்தியா பல பத்தாண்டுகளாக வெளிநாடுகளுக்கு விற்றுவருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு உருஷிக்கு மாற்றாக ஜப்பானியர் இந்த எண்ணெயை வைத்தே ஒரு பூச்சு செய்தார்கள். அங்கே அதற்குப் பெயர் ‘காஷூ’. அலமாரி வேண்டாம், ஈரம் வேண்டாம், கொப்புளம் இல்லை. பார்வைக்குக் கிட்டத்தட்ட அதே கறுப்பு. தேநீர்க் கலை பழகுகிறவர்கள் வாங்கும் விலை குறைந்த சிமிழ்கள் பலவற்றில் மின்னுவது முந்திரி ஓட்டுப் பால்தான்.

சிமிழின் இன்றைய தோல் கதை அது. சட்டையின் கதை பழையது.

ஜப்பானில் ஒரு நல்ல தேநீர்ப் பாத்திரத்தை அப்படியே அலமாரியில் வைக்கமாட்டார்கள். முதலில் சுருக்குக் கயிறு போட்ட ஒரு பை. மண் ஜாடிக்கு அது கட்டாயம். அரக்குச் சிமிழைக் கெட்டித் தேநீருக்கு எடுத்தால் அதற்கும் உண்டு. புகழ்பெற்ற ஜாடியானால் பைக்கு மேல் மரத்தில் கடைந்த ஒரு கூடு. அதற்கு மேல் பவுலோனியா மரத்தில் அளவெடுத்துச் செய்த பெட்டி. அந்த மரம் எடை குறைவு; காற்றில் ஈரம் ஏறினால் லேசாக உப்பி மூடியை இறுக்கிக்கொள்ளும். பெட்டி மூடியில் பாத்திரத்தின் பெயரையும் செய்தவர் பெயரையும் ஓர் ஆசான் மையால் எழுதிக் கொடுத்திருப்பார். பெட்டி பழையதானால் அதைக் காக்க இன்னொரு பெட்டி. எல்லாவற்றையும் கட்ட ஒரு சதுரத் துணி. எழுத்துள்ள பெட்டியைத் தொலைத்தவர் சிமிழின் விலையில் கணிசமான பங்கைத் தொலைத்தவர். விருந்து முடிந்ததும் விருந்தினர்கள் ஜாடியோடு அதன் பையையும் கேட்டு வாங்கிப் பார்ப்பது முறை. இன்ன துணி, இன்ன கப்பலில் வந்தது என்று பேச்சு ஓடும்.

பைக்குச் சீனப் பட்டும் சரிகைத் துணியும்தான் முதல் மரியாதை. ஆனால் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த எழுதுதுணிக்கும் அச்சுத்துணிக்கும் தனி மோகம் இருந்தது. ‘சராசா’ என்று அதை அழைத்தார்கள். பையாக, கட்டும் துணியாக, பெட்டியின் உள்ளொட்டாக அது பயன்பட்டது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமிலிருந்து ஏற்றிய கோடு போட்ட பருத்தித் துணிக்கும் நல்ல கிராக்கி. பின்னால் ஜப்பானியத் தறிகளே அதைப் போல நெய்யத் தொடங்கின. 1613 ஜூனில் ஹிராடோ துறைமுகம் சேர்ந்த ‘குளோவ்’ என்ற ஆங்கிலக் கப்பலின் தலைவர் ஜான் சாரிஸ், ஜப்பானில் விலைபோகும் சரக்குகளின் பட்டியலில் இந்தியத் துணி வகைகளைக் குறித்துவைத்தார். 1778-இல் சராசா வடிவங்களையும் சாயமுறைகளையும் தொகுத்து ஜப்பானில் ஒரு புத்தகமே அச்சாயிற்று. பதில் சரக்காகக் கப்பல்கள் சுமந்துவந்தது முக்கியமாகச் செம்புக்கட்டி. ஜப்பானியச் செம்பு இந்தக் கரையில் டச்சுக் கம்பெனிக்கு நல்ல லாபம் தந்தது. நாகப்பட்டினத்தில் கம்பெனி அடித்த செப்புக்காசில் ஊர்ப்பெயரைத் தமிழில்தான் பொறித்தார்கள்.

ஜப்பானியர் எதைக் கண்டு மயங்கினார்கள்? சாயம் போகாத பருத்தியைக் கண்டு. பருத்தியில் சிவப்பை நிறுத்துவது எளிதல்ல என்பது சாயத்தொழில் தெரிந்த எவருக்கும் தெரியும். அந்த வித்தையைச் சோழமண்டலக் கரையின் சாயக்காரர்களிடம் கேட்டு எழுதி, 1742 ஜனவரியில் பிரான்சுக்கு ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார் கேர்து என்ற சேசு சபைப் பாதிரியார். துணியை முதலில் கடுக்காய்த் தூள் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டார்கள். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் எழுதுகிற நீர் இழையோடு பரவிவிடும். பிறகு கட்டையால் அடித்து மழமழப்பாக்கினார்கள். துளையிட்ட காகிதத்தின் மேல் கரித்தூளைத் தட்டி உருவரை இறக்கினார்கள். கறுப்புக் கோட்டுக்கு இரும்பு ஊறிய புளித்த நீர். சிவப்பு வரவேண்டிய இடத்தில் சிவப்பைத் தொடவே மாட்டார்கள். படிகார நீரால் எழுதுவார்கள். அதன்பின் துணியைச் சாயவேர் கொதிக்கும் தொட்டியில் போட்டால், படிகாரம் பட்ட கோடு மட்டும் சிவந்து எழும். நீலத்துக்கு, நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். கடைசியில் சாணம் கலந்த நீரில் அலசி வெயிலில் விரித்தால் வேண்டாத கறை வெளுத்துப்போகும், எழுத்து நிற்கும்.

கேர்து எழுதியதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் கொள்ளிடத்தின் வடபக்கம் ஏலாக்குறிச்சியில் இருந்தார். அரியலூர் மழவராயர் கொடுத்த நிலத்தில் அடைக்கல மாதா கோயிலை வளர்த்துக்கொண்டிருந்தார். இவர் சொற்களை அகராதியாக்கினார், அவர் சாயத்தைக் கடிதமாக்கினார். பாதிரிமார் எழுதாமல் போயிருந்தால் நம் ஆட்கள் இரண்டையும் எழுதிவைத்திருப்பார்களா என்பது சங்கடமான கேள்வி.

ஏலாக்குறிச்சியிலிருந்து கொள்ளிடக் கரையோடு கிழக்கே போனால், இன்றைய அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே, கோடாலிக்கருப்பூர் வருகிறது. பழைய கணக்கில் திருச்சிராப்பள்ளி மாவட்டம், உடையார்பாளையம் வட்டம். துணி வரலாறு படிக்கிறவர்களுக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். உள்ளூர்ப் பேருந்தில் அதே பெயரைச் சொன்னால் நடத்துநர் சீட்டு மட்டும் கிழித்துக் கொடுப்பார்.

கருப்பூர்ச் சேலையில் இரண்டு தொழில் ஒன்றாகச் சேர்ந்தது. முதலில் தறியில், மெல்லிய பருத்திப் பாவில் தங்கச் சரிகையைக் கையால் கோத்துக் கோத்துப் பூவும் கட்டமும் எடுப்பார்கள். தறியிலிருந்து இறங்கிய துணி சாயக்காரர் கைக்குப் போகும். அவர் சரிகைப் பூவை ஒட்டியே மெழுகால் எழுதி, படிகாரம் தொட்டு, சாயவேரில் வேகவைப்பார். பருத்தி இழை சிவக்கும்; சரிகை சாயத்தைக் குடிக்காது. அதனால் செம்பழுப்புத் தரைக்குள்ளிருந்து பொன் அடங்கி ஒளிவிடும். கூச்சலிடாத பொன். கடையில் இன்று பளபளக்கும் சரிகையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது முதலில் அழுக்காகக்கூடத் தெரியலாம். இரண்டு நிமிடம் பார்த்தால் மற்றதெல்லாம் மட்டமாகத் தெரியும்.

இந்தத் துணி ஜப்பானுக்கு விற்கச் செய்த சரக்கல்ல. தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு என்றே செய்தது. இரண்டாம் சரபோஜி (1798–1832), அவர் மகன் இரண்டாம் சிவாஜி (1832–1855) காலத்தில் அரண்மனைப் பெண்கள் உடுத்தினார்கள். ஆண்களுக்குத் தலைப்பாகையும் அங்கவஸ்திரமும் இதில் உண்டு. மற்ற மராட்டிய அரசவைகளுக்கு மரியாதைப் பரிசாகவும் போயிற்று. 1855-இல் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார்; கிழக்கிந்தியக் கம்பெனி தஞ்சையை விழுங்கியது. வாங்குபவர் ஒரே வீட்டார் என்றால் அந்த வீடு சாய்ந்ததும் தொழிலும் சாயும். 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கருப்பூர்த் தறிகளிலிருந்து அந்தச் சேலை இறங்குவது நின்றது.

ஏற்றுமதித் துணியின் முடிவும் அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. 1751-இல் இன்றைய பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டி வாலிகண்டபுரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். படை போகிற பாதையில் பருத்தியும் விளையாது, தறியும் ஓடாது. 1781-இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அதற்குப் பின் மான்செஸ்டர் ஆலைத்துணி வந்து மிச்சத்தைத் துடைத்தது.

மிஞ்சியது என்ன? இங்கேதான் அந்தச் சிமிழும் அதன் பெட்டியும் கதைக்குள் திரும்ப வருகின்றன. ஹிகோனே என்ற ஊரின் பிரபுக்களான இயி குடும்பத்தாரிடம் சராசாத் துண்டுகளின் தொகுப்பு ஒன்று இருந்தது. ஏறத்தாழ 450 துண்டுகள். பெரும்பாலானவை 17, 18-ஆம் நூற்றாண்டு இந்தியத் துணி. அந்தக் குடும்பத்தின் இயி நாவோசுகே (1815–1860) தேநீர்க் கலையில் நூல் எழுதிய ஆசான். ஷோகன் ஆட்சியின் தலைமை அமைச்சராக 1858-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டார். அந்தக் கோபத்தில் 1860-இல் எடோ கோட்டை வாயிலருகே அவரை வெட்டிக் கொன்றார்கள். அந்த ஆட்சி போயிற்று, பிரபுப் பட்டம் போயிற்று, துணித்துண்டுகள் போகவில்லை. இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சில துண்டுகள் உள்ளங்கையளவுதான். கிழிந்த ஓரத்தைக்கூட வெட்டி எறியாமல் வைத்திருந்தார்கள்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் தஞ்சையில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். அரண்மனைச் சேலைகள் உடுத்தி நைந்தன. சரிகை உள்ள பழந்துணியை எரித்துப் பொன்னும் வெள்ளியும் பிரிப்பது பழகிய வியாபாரம். நல்ல சரிகை என்பதே அதற்கு வினையாயிற்று. லண்டனிலும் அகமதாபாத்திலும் சென்னையிலும் அருங்காட்சியகங்களில் கருப்பூர்த் துணி இருக்கிறது, கருப்பூரில் இல்லை. நெய்தவர்களைக் குறை சொல்ல வழியில்லை. பசித்தவன் பழந்துணிக்குப் பெட்டி செய்யமாட்டான். வாங்கி உடுத்தியவர்களும் ஆண்டவர்களும் செய்திருக்கலாம்.

தொழில் அடியோடு அற்றுப்போகவும் இல்லை. கொள்ளிடத்தின் தென்புறம், தஞ்சை மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்கான தொம்பையும் விதானமும் கையால் எழுதுகிறார்கள். அதற்கு 2021-இல் ‘கருப்பூர் கலம்காரி’ என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜெயங்கொண்டம் பக்கம் பட்டுத்தறி ஓடுகிறது. பெரம்பலூர்க் கரிசலில் பருத்தி விளைகிறது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் குறியீடு வந்தது. ஒரே மரத்துண்டில் தெய்வங்களைச் செதுக்கும் கைகள் அங்கே இருக்கின்றன. கங்கைகொண்ட சோழபுரத்தில் அருங்காட்சியகம் கட்டுவதாக அரசு அறிவித்திருக்கிறது. சோழர் சிலைக்கும் சீன ஓட்டுக்கும் அங்கே இடம் தருவது சரிதான். பத்துக் கல் தொலைவுக்குள் பிறந்த கருப்பூர்த் துணிக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்காவிட்டால் அது அரியலூரின் அருங்காட்சியகம் ஆகாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், தா.பழூர், கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளில் பாட்டியின் பெட்டியடியில் செம்பழுப்புப் பருத்தியில் சரிகைப் பூ போட்ட சேலையோ துண்டோ இருந்தால், துவைத்துவிடாதீர்கள். தெருவில் பழைய சரிகை வாங்க வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது, கறுத்துவிடும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளை வேட்டியில் சுருட்டிவையுங்கள். மடித்தே ஆகவேண்டுமானால் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். கிழிந்த துண்டானாலும் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு படத்தோடு கடிதம் எழுதுங்கள்.

(அடுத்த இதழில்: சாயவேர் தோண்டியவர்கள்)